ஜன்னலோரக் கட்டிலின் அழைப்பு

அந்த வீட்டில் யாரும் காபி கப்பைக் கீழே வைக்க மாட்டார்கள். வைத்தால் போயிற்று. பாதி குடித்துவிட்டு, யாரோ போனில் கூப்பிடுகிறார்களே என்று திரும்பினால், கப் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும். செய்தித்தாளை மேசைமேல் போட்டுவிட்டுக் கண்ணாடி தேடப் போனால், வருவதற்குள் தாள் பழைய பேப்பர் கட்டுக்குள் போயிருக்கும். வீட்டுக்காரர், பாவம், ஒரு கையில் கப்பைப் பிடித்தபடியே மறு கையால் சட்டைப் பொத்தான் போடப் பழகிவிட்டார். உன் அண்ணி இருக்கும் இடத்தில் தும்மல் வந்தாலும் தட்டைப் பிடித்துக்கொண்டுதான் தும்ம வேண்டும் என்று தங்கையிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் தங்கை கூப்பிடுவதுபோல் நாமும் அவளை அண்ணி என்றே வைத்துக்கொள்வோம். நாற்பதைத் தாண்டியவள். நேர் வகிடு, இஸ்திரி மடிப்புக் கலையாத உடை, கையில் எப்போதும் ஒரு துணி. எதையாவது துடைத்துக்கொண்டே பேசுவாள். அலுவலகத்திலும் அதே கதைதான். அங்கே அவளுக்குத் துடைப்பம் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் இல்லை. எல்லோர் முன்னாலும் கைதட்டி வைத்த பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவள் வேலை பார்த்த நிறுவனம் ஆஸ்பத்திரிகளுக்கு அழைப்பு மணி செய்து கொடுத்தது. கட்டிலில் படுத்திருப்பவர் கையருகே ஒரு பொத்தான் தொங்கும். அதை அழுத்தினால் நர்சுகளின் மேசையில் இருக்கும் பலகையில் அந்தக் கட்டிலின் சிவப்பு விளக்கு எரியும், மணி கத்தும். மேசையில் இருக்கும் நர்ஸ் 'கவனித்தேன்' என்ற பொத்தானை அழுத்தலாம். அல்லது நேரே கட்டிலுக்கு ஓடிப்போய் அங்கே சுவரில் இருக்கும் பொத்தானை அழுத்தலாம். எப்படிச் செய்தாலும் அழைப்பு முடிந்தது, மணி நிற்கும். பார்க்க இவ்வளவுதான். இதற்குள் ஓடுகிற நிரலைச் சி என்ற கணினி மொழியில் எழுதிப் பராமரிப்பது அண்ணியின் பொறுப்பு.

சி மொழியில் ஒரு தலைவலி உண்டு. ஒவ்வொரு அழைப்புக்கும் நினைவகத்தில் கொஞ்சம் இடம் கேட்டு வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் நாமே திருப்பிக் கொடுக்க வேண்டும். கேட்பாரும் கிடையாது, கண்டிப்பாரும் கிடையாது. கொடுக்க மறந்தால் இடம் அடைத்துக்கொண்டே போய், ஒரு நாள் இயந்திரம் அப்படியே உறைந்து நிற்கும். மறக்காமல் கொடுப்பதில் அண்ணியை அடிக்க ஆள் இல்லை. அவசரப்பட்டுக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் சொல்ல வந்திருக்கிறேன்.

அண்ணிக்கு முன்னால் அந்த நிரலை எழுதியவர் ஒரு தாடிக்காரர். எல்லோருக்கும் அவர் தாடிதான். அவர் கணக்கு வேறு. ஒரு அழைப்பை எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருப்பார். பலகையிடம் 'யாராவது பொத்தானை அழுத்தினால் சொல்லு' என்று கேட்டு வைத்திருந்தால், அந்தப் பலகையும் ஒரு ஆள். கடைசி ஆள் கையை எடுத்த பிறகுதான் இடத்தை விடுவார். எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் எண்ணுவதில் எங்கோ தப்பு நேர்ந்து, சில அழைப்புகள் விடப்படாமலே கிடந்தன. மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் பலகை உறைந்துபோகும். அவர்கள் போனில் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். தாடி வேறு வேலை கிடைத்துப் போனார். அண்ணி உட்கார்ந்தாள். எண்ணிக்கை கிண்ணிக்கை எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளினாள். அழைப்பு முடிந்ததா, பலகையிடம் கேட்டு வைத்ததை ரத்துச் செய், இடத்தை விடு, தீர்ந்தது விஷயம். அதன் பிறகு ஒரு பலகையும் உறையவில்லை. கூட்டத்தில் கைதட்டியது அன்றைக்குத்தான்.

போகிற அன்று தாடி அவள் மேசைப் பக்கம் வந்து நின்றார்.

"நீ விட்டுட்ட, சரி. மத்தவன் விட்டானான்னு யாரு பாக்குறது?" என்று கேட்டார்.

ரத்துச் செய்துவிட்டுத்தானே விடுகிறேன் என்றாள் அண்ணி. தாடி தாடியைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். தோற்றுப்போன மனுஷன், ஏதாவது சொல்லத்தானே செய்வார் என்று அவள் நினைத்தாள். மேசைமேல் அவர் விட்டுப்போன பேனாவை எடுத்து டிராயருக்குள் போட்டாள்.

அதற்குச் சில வருடங்கள் கழித்து ஒரு மதியம், சேவைப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வாடிக்கையாளர் எண் மட்டும் இருந்தது. எந்த ஆஸ்பத்திரி, என்ன விவகாரம், எதுவும் இல்லை. ஒரே ஒரு அழைப்பின் பதிவைத் தனியாக வெட்டி எடுத்து அனுப்பியிருந்தார்கள். ஜன்னலோரக் கட்டிலில் பொத்தான் அழுத்தப்பட்டது. மேசைப் பலகையில் 'கவனித்தேன்' அழுத்தப்பட்டது. இந்தப் பதிவை நம்பலாமா என்று கேட்டிருந்தார்கள். அண்ணி பார்த்தாள். பதிவில் இருக்க வேண்டியதெல்லாம் இருந்தது. 'பதிவு உண்மையானது. அமைப்பு சரியாக இயங்கியுள்ளது' என்று எழுதி அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனாள். அவ்வளவு சின்ன வேலை அது. அன்று மாலைக்குள் மறந்தும் போனாள்.

இரண்டொரு நாள் கழித்து அவள் வீடு திரும்பியபோது பாப்பா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். பாப்பா என்றால் குழந்தை இல்லை. அண்ணியின் நாத்தனார், வயது முப்பத்தைந்து. வீட்டில் கடைக்குட்டி என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. பொதுவார்டில் நர்ஸ். அண்ணனோடும் அண்ணியோடும் அதே வீட்டில்தான் இருந்தாள். ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடுவாள், செருப்பை வாசலில் ஒன்றும் கூடத்தில் ஒன்றுமாக விடுவாள், சீப்பை எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்க மாட்டாள். இந்த இரண்டு பேரையும் ஒரே கூரைக்குக் கீழ் வைத்தவர் யாரோ, அவருக்கு நல்ல நகைச்சுவை உணர்ச்சி.

அன்றைக்குப் பாப்பாவின் செருப்பு காலிலேயே இருந்தது. வேலை உடையைக்கூட மாற்றவில்லை. கையிலிருந்த காகிதத்தை அண்ணியிடம் நீட்டினாள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று ஆஸ்பத்திரி எழுதியிருந்தது. ஜன்னலோரக் கட்டில் நோயாளி உதவிக்கு அழைத்திருக்கிறார், பாப்பா மேசையில் உட்கார்ந்தபடியே மணியை நிறுத்திவிட்டு, போய்ப் பார்க்காமல் இருந்திருக்கிறாள், நோயாளி இறந்துவிட்டார். கீழே ஒரு வரி: அழைப்புப் பதிவு உண்மையானது என்று தயாரிப்பு நிறுவனம் உறுதி செய்துள்ளது.

அண்ணி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அது அவள் எழுதிய வரி. சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதே என்று அவசரமாக எழுதிய வரி. நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தாள், பிறகு காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

பாப்பா நடந்ததைச் சொன்னாள். இறந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இடுப்பெலும்பு முறிந்து வந்தவர். தேறிக்கொண்டிருந்தார், அந்த வாரமே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கினார். அவர் மனைவி டீ குடிக்கக் கீழே கேன்டீனுக்குப் போனார். அப்போது மூலைக் கட்டிலிலிருந்து மணி அடித்தது. கூட இருந்த நர்ஸ் அந்தப் பக்கம் ஓடினாள். பாப்பா மேசையில் 'கவனித்தேன்' பொத்தானை அழுத்தினாள். அந்த வார்டில் எப்போதும் அப்படித்தான். ஒருத்தி ஓடுவாள், மேசையில் இருப்பவள் மணியின் வாயை அடைப்பாள். மற்ற நோயாளிகள் தூங்க வேண்டாமா? அதற்குப் பிறகு ஒரு மணியும் அடிக்கவில்லை, ஒரு விளக்கும் எரியவில்லை. டீ குடித்துவிட்டு வந்த மனைவிதான் அலறினார்.

"நான் அழுத்தினது மூலைக் கட்டிலுக்கு அண்ணி. ஜன்னல் கட்டில்ல இருந்து மணியே வரலை. அவர் கூப்பிடவே இல்லை" என்றாள் பாப்பா.

மூலைக் கட்டில் அழைப்பைக் கட்டிலருகே போன நர்ஸ்தான் முடித்தாள் என்று பதிவு சொல்கிறதாம். அப்புறம் நீ எதற்கு அழுத்தினாய் என்று மேட்ரன் கேட்டார்களாம். அண்ணிக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை. ஆனாலும் ஒன்று அவள் மனதில் ஆணி அடித்தாற்போல் நின்றது: அது அவளுடைய இயந்திரம். இத்தனை வருடத்தில் ஒரு தடவை உறையாத இயந்திரம். எதிரே உட்கார்ந்திருப்பவள் துண்டு போட்ட இடம் தெரியாதவள்.

"மெஷின் பொய் சொல்லாது பாப்பா" என்றாள்.

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அடி வாங்கியவள் பார்க்கிற பார்வை அது. எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செருப்பு இரண்டையும் வாசலில் ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் தலையாட்டுகிற மனுஷன்; சண்டை என்றால் பால்கனியில் போய் நின்றுகொள்வார். நாலைந்து நாள் கழித்து ஒரு மாலை மட்டும் அவர் நகரவில்லை. கப்பை மேசைமேல் வைத்தார், அண்ணியும் அதை எடுக்கவில்லை.

"பாப்பா சோம்பேறி. சொன்ன சொல்லு கேக்க மாட்டா. எல்லாம் சரி. பொய் மட்டும் சொல்ல மாட்டா" என்றார்.

இறந்தவரின் மனைவி விசாரணைக்கு வந்திருந்தாராம். அதையும் வீட்டுக்காரர்தான் சொன்னார். ஆஸ்பத்திரிக்காரர்கள் எதிர்பார்த்தது வேறு. அந்த அம்மா எல்லோர் முன்னாலும், இந்தப் பெண் சொல்வதுதான் நிஜம், என் வீட்டுக்காரர் தூக்கத்திலேயே போய்விட்டார், யாரையும் கூப்பிடவில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. துக்கத்தில் இருப்பவர், அவருக்கு என்ன தெரியும்? பதிவு இருக்கிறதே. அடுத்த வாரம் முடிவு. வேலை போகும், இன்னொரு ஆஸ்பத்திரியும் சேர்க்காது.

மறுநாள் அண்ணி அலுவலகத்தில் மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்தாள். பாப்பாவைக் காப்பாற்றப் போகிறேன் என்றெல்லாம் கிளம்பவில்லை. உண்மையைச் சொன்னால், தன் இயந்திரம் சரி என்று தனக்கே ஒரு முறை காட்டிக்கொள்ளத்தான் கிளம்பினாள். வெட்டி எடுத்த துண்டு வேண்டாம், பலகையில் அன்று நடந்த எல்லாவற்றையும் அனுப்பு என்று சேவைப் பிரிவிடம் கேட்டு வாங்கினாள்.

மூலைக் கட்டிலின் அழைப்பு இருந்தது. ஓடிப்போன நர்ஸ் சுவர்ப் பொத்தானை அழுத்தியது இருந்தது. அழைப்பு முடிந்தது, ரத்து, இடம் விடப்பட்டது. எல்லாம் அண்ணி எழுதி வைத்தபடி, அச்சுப்பிசகாமல். அடுத்த வரியில் ஜன்னலோரக் கட்டிலின் அழைப்பு. அதற்கு நினைவகத்தில் கொடுக்கப்பட்ட இடத்தின் எண்ணைப் பார்த்தாள். மூலைக் கட்டில் அப்போதுதான் காலி செய்த அதே இடம். இது சகஜம்தான். காலியான இடத்தை அடுத்து வருபவருக்குக் கொடுப்பதுதானே முறை? அதற்கடுத்த வரியில் 'மேசையில் கவனிக்கப்பட்டது' என்று இருந்தது. அதே எண். நேரத்தைப் பார்த்தாள். அழைப்பு பிறந்த நொடியும் அதுதான், கவனித்த நொடியும் அதுதான். எந்த மனுஷன் கையும் அவ்வளவு வேகமாகப் போகாது.

அண்ணி அந்த மூன்று வரிகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தாள்.

நாம் ஒரு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறோம். சாவியைக் கொடுத்தாயிற்று, இனி எனக்குத் தபால் அனுப்பாதீர்கள் என்றும் சொல்லியாயிற்று. ஆனால் அதற்கு முன்பே கிளம்பிவிட்ட ஒரு தபால் தபால்காரர் பையில் இருக்கிறது. அவருக்குத் தெரிந்தது கதவு எண் மட்டும்தான். அதைப் புதிதாகக் குடிவந்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நடந்தது இதேதான். ஓடிய நர்ஸ் சுவர்ப் பொத்தானை அழுத்திய அதே வேளையில் பாப்பாவும் மேசைப் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். பாப்பாவின் 'கவனித்தேன்' வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருந்தது. அண்ணியின் நிரல் ரத்துச் செய்தது. ரத்து என்றால் இனிமேல் அனுப்பாதே என்றுதான் பொருள். ஏற்கெனவே வரிசையில் நிற்பதை அது என்ன செய்யும்? ரத்து ஆயிற்று என்று பலகை சொல்லும்வரை இடத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். அண்ணி பிடித்து வைக்கவில்லை. உடனே துடைத்துவிட்டாள். அந்த இடத்தில் டிரைவரின் அழைப்பு வந்து உட்கார்ந்தது. பாப்பாவின் 'கவனித்தேன்' அவர்மேல் போய் விழுந்தது.

நம்ப முடியவில்லை அவளுக்கு. சோதனை மேசையில் நிஜமான பொத்தான்களும் பலகையும் இருந்தன. பக்கத்து இருக்கைக்காரனையும் சேவைப் பிரிவுப் பெண்ணையும் கூப்பிட்டாள். நீ மூலைக் கட்டில், நீ சுவர்ப் பொத்தான் என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, தான் மேசைப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டாள். மூவரும் சேர்ந்து அழுத்திப் பார்த்தார்கள். ஜன்னலோரக் கட்டில் பொத்தானைப் பெண் தன் இடது கையால் அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது, மணி ஒழுங்காகக் கத்தியது, தவறாக எதுவும் இல்லை. ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும். ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து இருக்கைக்காரன் இது என்ன விளையாட்டு என்று சிரித்தான். நெடுநேரம் அழுத்திக்கொண்டே இருந்தார்கள். அண்ணிக்கு உயிர் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அப்புறம் ஒரு தடவை ஜன்னலோரக் கட்டிலை அழுத்தியும் பலகை கம்மென்று இருந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை. மணி ஒரு முனகல்கூட முனகவில்லை. பதிவில் மட்டும் அழகாக எழுதியிருந்தது: அழைப்பு, கவனிக்கப்பட்டது.

சிரித்தவன் வாயை மூடினான். அந்தப் பெண் தன் இடது கைப் பொத்தானைத் தூக்கிக் காட்டினாள். பொத்தானின் நடுவில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது. மேசையில் 'கவனித்தேன்' அழுத்தினால் எரியும்; அழைத்தவர் பதறக் கூடாது, 'நர்ஸ் வந்துகொண்டிருக்கிறார்' என்று தெரிய வேண்டும் என்பதற்காக வைத்த விளக்கு அது. அதை யோசித்துச் சேர்த்தது அண்ணிதான். அண்ணி பிரிவுத் தலைவரை அழைத்துவர ஆள் அனுப்பினாள்.

பிரிவுத் தலைவர் வந்து பார்த்தார். இன்னொரு தடவை செய்து காட்டு என்றார். காட்டுவதற்கு நேரமாயிற்று, ஆனால் காட்டினார்கள். அவர் கோபக்காரர், மேசையைத் தட்டித்தான் பேசுவார். அன்று மெதுவாக உட்கார்ந்து, இது எத்தனை ஆஸ்பத்திரியில் ஓடுகிறது என்று கேட்டார். அவருக்குத் தெரியாதா என்ன? இதை வெளியே சொல்லாதே என்று சொல்லிவிடுவாரோ என்று அண்ணி பயந்தாள். அவர் முகத்தைக் கையால் தேய்த்துக்கொண்டார். எல்லா இடத்துக்கும் போன் போடுங்கள், சரி செய்யும்வரை மேசைப் பொத்தானைத் தொட வேண்டாம், கட்டிலுக்குப் போய்த்தான் முடிக்க வேண்டும் என்று சொல்லுங்கள் என்றார். பாப்பாவின் ஆஸ்பத்திரிக்கு மட்டும் அண்ணியே பேசினாள். நான் எழுதிக் கொடுத்தது தப்பு, பதிவு பொய், அந்த நர்ஸ் மேல் குற்றம் இல்லை என்று மேட்ரனிடம் சொன்னாள். அதையே எழுத்திலும் அனுப்பினாள். இரண்டு வரி எழுதின இடத்தில் இம்முறை இரண்டு பக்கம் எழுதினாள்.

வீட்டுக்கு அவள் ஓடாத குறையாகப் போனாள். குற்ற உணர்ச்சிக்கு நடுவே ஒரு சந்தோஷமும் இருந்தது. பாப்பா பொய் சொல்லவில்லை. பாப்பாவின் வேலை போகாது. காலில் விழச் சொன்னாலும் விழலாம் என்று நினைத்துக்கொண்டே படியேறினாள்.

பாப்பா சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணி நின்ற நிலையில் எல்லாவற்றையும் கொட்டினாள். உறுதி செய்து எழுதினது நான்தான் என்றாள். தப்பு என் நிரலில் என்றாள். நீ அழுத்தினது மூலைக் கட்டிலுக்குத்தான், அது ஜன்னல் கட்டில் அழைப்பின்மேல் விழுந்து அதை அணைத்துவிட்டது, உன்னிடம் மணி வரவே இல்லை, நீ சொன்னது அத்தனையும் நிஜம் என்றாள். சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தாள்.

பாப்பா குழாயை மூடினாள். முகத்தில் ஒரு வெளிச்சமும் வரவில்லை. மெல்ல மெல்ல அந்த முகம் வெளிறியதைத்தான் அண்ணி பார்த்தாள்.

"அப்போ அவர் கூப்பிட்டிருக்கார்" என்றாள் பாப்பா.

அண்ணிக்கு அழுகை நின்றுபோயிற்று. அன்று முழுக்க அவள் பாப்பாவைத்தான் நினைத்தாள், நிரலை நினைத்தாள், மற்ற ஆஸ்பத்திரிகளை நினைத்தாள். இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாங்க அண்ணி. நான் டீ குடிக்கப் போயிட்டேனே, அவர் கூப்பிட்டாரான்னு. இல்லம்மா, தூக்கத்துலயே போயிட்டார், கூப்பிடவே இல்லன்னு சொன்னேன். அதை வெச்சுக்கிட்டுத்தான் அவங்க தூங்குறாங்க."

பாப்பா தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேலை போனாலும் போகட்டும் என்று இத்தனை நாள் அவள் நிமிர்ந்து நின்றது, அவர் கூப்பிடவில்லை என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான். அதை அண்ணி வந்து உருவி எடுத்துவிட்டாள். இப்போது என்ன செய்வது? ஆஸ்பத்திரியிலிருந்து காகிதம் போய்ச் சேரும். அந்த அம்மா அதைத் தனியாக உட்கார்ந்து படிப்பார். அப்படி விடக் கூடாது என்று பாப்பாதான் சொன்னாள். நான் சொல்கிறேன் என்று கிளம்பினாள். நீ சொல்ல வேண்டாம், நான்தான் சொல்ல வேண்டும் என்றாள் அண்ணி. இருவரும் சேர்ந்தே போனார்கள்.

டிரைவரின் வீடு ஒரு மாடிக் குடியிருப்பின் கடைசி வரிசையில் இருந்தது. கதவைத் திறந்த அந்த அம்மா பாப்பாவைக் கண்டதும் முகம் மலர்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து சற்று முன்புதான் போன் வந்ததாம்.

"உன் மேல தப்பு இல்லன்னு சொல்லிட்டாங்கம்மா. நான்தான் அன்னைக்கே சொன்னேனே, அவர் கூப்பிடவே இல்லன்னு" என்று பாப்பாவின் கன்னத்தைத் தடவினார்.

மேற்கொண்டு எதையும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை என்று தெரிந்தது. பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணி தான் யார், எங்கே வேலை பார்க்கிறவள் என்று சொன்னாள். அந்த மணியைச் செய்தவள் நான்தான் என்றாள். அந்த அம்மா புரியாமல் சிரித்தபடி உட்காரச் சொன்னார். அண்ணி உட்காரவில்லை.

"அவர் கூப்பிட்டாரும்மா. எங்க மெஷின்தான் அதை இவகிட்ட சொல்லலை."

அந்த அம்மாவின் சிரிப்பு உடனே போகவில்லை. போவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எப்போ? நான் கீழ போறதுக்கு முன்னாலயா?"

"போனதுக்கு அப்புறம்தான்மா."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார். திட்டுவார், அடிப்பார் என்று அண்ணி காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. எத்தனை தடவை அழுத்தினார் என்று கேட்டார். ஒரே தடவைதான் என்றாள் அண்ணி. அந்த அம்மா தலையை ஆட்டினார். அப்படி இருக்காது, அவர் பொறுமைசாலி இல்லை, யாரும் வராவிட்டால் விடாமல் அழுத்தியிருப்பார் என்றார்.

அண்ணி அதற்கும் பதில் சொன்னாள். சொல்லாமல் இருக்க அவளுக்கு வழி தெரியவில்லை. பொத்தானில் பச்சை விளக்கு எரிந்திருக்கும், நர்ஸ் வருகிறார் என்று அர்த்தம், அதனால் மறுபடி அழுத்தியிருக்க மாட்டார் என்றாள்.

அந்த அம்மா தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா வர்றாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கார்" என்றார்.